நெரெய்தாவுக்கு, அறை குறித்து

எங்கே தங்கலாம் என்று கேட்டிருக்கிறாய்.
கார்த்தஹேனாவில் இதை
என்னைவிடச் சரியாகச் சொல்ல ஆளில்லை.
பதினொரு விடுதிகளின் படுக்கை விரிப்புகள்
மாங்காவில் எங்கள் சலவைக்கூடத்துக்கு வருகின்றன.
அந்த விடுதிகளின் முகப்பை நான் பார்த்ததில்லை.
முதுகு தெரியும்.

கோட்டைச் சுவருக்குள், சான் தியேகோ பக்கம்
கன்னிமாடமாக இருந்த கட்டடம் ஒன்று.
நடுமுற்றத்தில் கிணறு, கிணற்றுக்கு விளக்கு,
ஓர் இரவு வாடகை என் இரண்டு மாதச் சம்பளம்.
அங்கிருந்து வரும் விரிப்புகள் கசங்குவதே இல்லை.
அத்தனை பணம் கொடுத்தவர்கள்
விடியவிடிய விழித்திருந்து சுவரைப் பார்க்கிறார்களோ என்னவோ.
கால்மணிக்கொருதரம் தேவாலய மணி வேறு.
உனக்கோ பல்லி சொன்னாலே தூக்கம் போகும்.

போகாகிராந்தேவில் எடுத்தால்
இருபத்திரண்டாம் மாடி, கண்ணாடிச் சுவர்,
கடல் கட்டிலடி வரைக்கும்.
அக்டோபரில் நிஜமாகவே வரும், ஆனால் கீழ்த்தெருவுக்கு.
சக்கரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் வெளிநாட்டார் நடக்க
நாம் இருவரும் பேருந்துக்குள் சிரித்தோமே, அதே தெரு.
அந்த விரிப்புகளை உதறினால் மணல்,
மாதத்துக்கு ஒரு வாளி.
எலியேசர் அதைத் தன் பூனைக்கென்று கொண்டுபோகிறார்.

மலிவாக வேண்டுமென்றால் ஹெத்செமனி.
ஓர் அறைக்குள் எட்டுக் கட்டில், அடுக்கடுக்காக.
ரம், மினுக்குத்தூள், மாம்பழக் கறை,
ஒருமுறை தலையணை உறைக்குள் ஒரு கடைவாய்ப்பல்.
கேட்டு யாரும் வரவில்லை.
எங்கள் தெருவில் இப்போது நாங்கள் ஐந்தே குடும்பம்.
உபால்தினாவின் கதவில் அந்தப் பித்தளை மீன் தட்டி
இன்னும் தொங்குகிறது.
தட்டினால் சட்டையில் பெயர் குத்திய பையன் வந்து
கடவுச்சீட்டு கேட்பான்.

லா போகியாவில் தொங்குகட்டில்.
விரிப்பு கிடையாது,
ஆகவே அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் வீட்டைப் பற்றி நீ கேட்கவில்லை.
நல்லது.
முன்னறையில் எவுதால்தோ படுக்கிறான்.
மின்விசிறியைத் தன் பக்கமே திருப்பிக்கொள்ளும் புத்தி
மாறவில்லை.
நீ வருவதை நான் அவனிடம் சொல்லவில்லை.
ஆனாலும் நேற்று, யாரும் கேட்காமல்,
திருப்புளியோடு உட்கார்ந்து
குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்தான்.
நீ இருந்த ஆறு வருடமும் சொன்ன தாழ்ப்பாள்.
இப்போது உள்ளே இருந்து பூட்டுகிறது.
நான் இரண்டு தடவை பூட்டிப் பார்த்தேன்.

அண்ணி என்றே வாய்க்கு வருகிறது.
நீதிபதி வாசித்த தாளில்
அந்தச் சொல் ரத்தானதாக எங்கும் இல்லை.

எதை எடுத்தாலும் சரி, ஒன்று தெரிந்துகொள்.
வியாழக்கிழமை உன் விரிப்பு என் மேசைக்கு வரும்.
எவ்வளவு பெரிய கட்டில் போட்டாலும்
சுவரோரம் ஒருக்களித்து
ஒரு முழ அகலத்தில் உறங்குகிறவள் நீ.
முக்கால்வாசி மொடமொடப்போடு திரும்பும் விரிப்பு
ஊரிலேயே உன்னுடையது ஒன்றுதான்.
முந்நூறு மூட்டைக்கு நடுவிலும் என் கை கண்டுபிடித்துவிடும்.
கண்டுபிடித்தபின் வீட்டுக்கு வந்து
சோறு போடும்போது
வாயைத் திறக்கமாட்டேன் என்று
சத்தியம் செய்ய முடியவில்லை, நெரெய்தா.
அவன் கேட்கமாட்டான். தட்டைப் பார்த்தபடி இருப்பான்.
அதுதான் சங்கடம்.

எனக்கே தெரிய வேண்டாம் என்று நினைத்தால்
லா போகியாவுக்குப் போ.
கொசுவலை கொண்டுவா.
அங்கே தருவது ஓட்டை என்று
பேருந்தில் யாரோ பேசிக்கொண்டார்கள்.