கோபுரம் இல்லாத ஓடுபாதை

உம்சிந்தோவில் எங்களுக்குக் கோபுரம் கிடையாது.
கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து
நீ இறங்கு, நீ பொறு என்று சொல்ல ஆள் இல்லை.
உள்ளது ஒரு காற்றுப்பை, அதுவும் கிழிசல்.
கரும்பை ஒட்டிக் கொஞ்சம் தார்.
அதன் நடுவே நிதானமாய் மேயும் ஹடீடா பறவைகள்.

ஆகவே நாங்களே சொல்லிக்கொள்கிறோம்
வெற்று அலைவரிசையில்,
இருட்டு வீட்டுக்குள் நுழைகிறவன்
ஒருமுறை இருமிக்கொள்வதைப்போல:
வெள்ளை செஸ்னா, கடல் பக்கம்,
ஆயிரம் அடி, இறங்க வருகிறேன்.

அன்று சொல்லவில்லை.
பின்னிருக்கையில் ரோசலின் செட்டி
பைக்குள் முகம் புதைத்திருந்தாள்.
வட்டமடிக்காமல் நேரே நுழைந்தேன்.

என் மூக்குக்குக் கீழே
மஞ்சள் நிறத்தில் ஒரு இறக்கை திரும்பியது.

மருந்து தெளிக்கும் ம்தெத்வா.
முறையாக வந்தவன், முறை அவனுடையது.
எஞ்சின் அலற இடப்பக்கம் ஒடித்து
கரும்புத் தோகைமேல் ஏறிப்போனான்.
காதில் இவ்வளவுதான் கேட்டது:
"செஸ்னா, பாதை உங்களுக்கு. நான் சுற்றி வருகிறேன்."

தரைதொட்டு ஓரம் ஒதுங்கி
"பாதை காலி" என்று நான் கத்திய கத்தலில்
ரோசலினுக்கு வாந்தியே நின்றுவிட்டது.

பெட்ரோல் பம்பருகே போய் நின்றேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவதென்று தெரியவில்லை.
அவன் அளவுகோலைத் துடைத்தபடி
"பதினோரு லிட்டர்" என்றான்.
கொடுத்தேன். சில்லறையைத் திருப்பித் தந்தான்.

இப்போதெல்லாம் விடியலில்
வானத்தில் ஒருவருமே இல்லாதபோதும்
பெயர், நிறம், உயரம், திசை சொல்லித்தான் இறங்குகிறேன்.

ஹடீடாக்கள் பதிலுக்குத் திட்டுகின்றன.