சறுக்கல் அளவி

காலை மூன்று மணிக்கு ஔலுவில்
விழித்திருப்பவை இரண்டு:
கொட்டிக்கொண்டே இருக்கும் பனி,
அதை வழித்துத் தள்ளும் என் வண்டி.

வண்டியின் நெற்றியில் ஒரு கறுப்புப் பெட்டி,
ஒரு ரொட்டியின் அளவு.
முன்னால் கிடக்கும் தார்ச்சாலை
ஈரமா கண்ணாடியா என்று
எனக்கு முன்பே அதற்குத் தெரியும்.
பச்சை என்றால் போ. மஞ்சள் என்றால் யோசி.
சிவப்பு என்றால் மணலைத் தூவு, வாயை மூடு.
நாலு குளிர்காலம் பார்த்துவிட்டேன்,
ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

அதனால்தான் வாங்கினேன்.
ஆண்டறிக்கை படித்தல்ல.
கோடைக் குடிலின் கூரைக்கென்று வைத்திருந்த பணம்;
பங்கு முப்பத்தொரு யூரோ, நானூறு பங்கு.
ஊரார் சறுக்கலையெல்லாம் முன்கூட்டிச் சொல்லும் பெட்டி
தன்னுடையதைச் சொல்லுமா என்று
நான் அப்போது கேட்கவில்லை.

இன்றைக்கு ஒரு யூரோ நாற்பது சென்ட்.
பட்டை மணக்கும் ஒரு பன் இதைவிட அதிகம்.

நிறுவனத்திலிருந்து கடிதம் வரும்,
'சவாலான காலாண்டு' என்று.
ஒன்பது காலாண்டாகச் சவால்.
எங்கள் ஊர்க் குளிர்காலமே
இரண்டில் முடிந்துவிடும்.

பணிமனைக் காப்பி மேசைக்கு இப்போது இரண்டு கரை.
ஒரு கரையில் தௌனோ. பத்தொன்பதில் விற்றவன்.
வந்த காசில் படகுக்கு எஞ்சின் வாங்கி
அதன் படத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைத்திருக்கிறான்.
மறு கரையில் சிர்பா. இறங்க இறங்க வாங்குகிறாள்,
ஒன்பதில், நாலில், போன வாரம் ஒன்றரையில்.
"சராசரி இறங்குது, சராசரி இறங்குது"
என்று குளிரில் பல் அடிப்பதுபோல் சொல்வாள்.
"உன் ஆயுள்கூடத்தான் இறங்குது" என்பான் இவன்.
ஒருநாள் சர்க்கரைக் கிண்ணத்தை
யாரும் யாருக்கும் நகர்த்தவில்லை.
பதினெட்டு ஆண்டு ஒரே ஷிப்ட் பார்த்தவர்கள்.

நான் விற்கவுமில்லை, மேலே வாங்கவுமில்லை.
கோழை என்கிறாள் அவள்.
பக்தன் என்கிறான் அவன்.
இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு
சர்க்கரை இல்லாமலே குடித்தேன்.

வீட்டில் ஹில்க்கா ஒரே ஒரு முறை கேட்டாள்,
இன்னும் எதற்கு வைத்திருக்கிறாய் என்று.
சிவப்பைக் கண்டால் நிற்கத்தான் பழகியிருக்கிறேன்,
வண்டியை விட்டு இறங்க அல்ல என்றேன்.
அவள் விளக்கை அணைத்தாள்.

மார்ச்சில் நகராட்சியிலிருந்து ஒரு தாள் வந்தது:
ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை,
பெட்டிகளைக் கழற்றிக் கிடங்கில் ஒப்படைக்கவும்.
நாலு திருகாணி. ஒன்று துருவேறி அசைய மறுத்தது.
தௌனோ எதுவும் பேசாமல் விளக்கைப் பிடித்தான்.
சிர்பா எண்ணெய்க் குப்பியோடு வந்தாள்.
ஒரு திருகாணிக்கு மேல் மூன்று தலை,
மூச்சின் ஆவி எது யாருடையது என்று தெரியாமல்.
"நல்ல பெட்டி" என்றான் விற்றவன்.
"ஆமா" என்றாள் வாங்கியவள்.
அதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே இருந்ததில்லை
என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பாலத்தில் ஏறும்போது
நெற்றியில் நாலு ஓட்டை.
ஆற்றுக்காற்று பக்கவாட்டில் அறையும் வளைவில்,
வழக்கமாகச் சிவப்பு எரியும் இடத்தில்,
கால் தானாகத் தளர்ந்தது, கை தானாக மணலைத் திறந்தது.
பின்னால் வந்த பால் லாரி
எதுவும் அறியாமல் கடந்து போனது.

பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பது யூரோ,
இன்றைய விலைப்படி.
விற்காதவரை அது நட்டமில்லை என்பாள் சிர்பா.

பத்து மணிக்குச் சந்தை திறக்கும்.
அப்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.
குடிலில், கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே
ஒரு நீல வாளி இருக்கிறது.
ஏப்ரலில் போய்க் கொட்ட வேண்டும்.