ஏழு வினாடி

தேவனாம்பட்டினத்தில் செங்கடலுக்குப்
பச்சைத் துணி கட்டினோம்.
மூங்கில் நட்டு, இருபதடி உயரம்.
காற்று திரும்பினால் மோசேயின் தாடியோடு
அதுவும் பறக்கும்.

இஸ்ரவேலர் நூற்றுப் பன்னிரண்டு பேர்,
எல்லாம் உள்ளூர் குப்பத்து ஆட்கள்.
தலைக்கு ஐந்நூற்றைம்பது, புளிசாதம், ஒரு டீ.
அவர்கள் கைக்கடிகாரங்களைக் கழற்றி வாங்கிக்
கூடையில் போட்டுக்கொண்டவன் நான்,
முத்தியால்பேட்டைக்காரன்,
உதவி இயக்குநர்களில் நான்காவது.
மெகாபோனும் என் பொறுப்பு.

நெல்லிக்குப்பத்திலிருந்து லாரியில் வந்த ஆடுகள்
வசனத்தாளில் ஒரு பக்கத்தைக்
காலையிலேயே தின்றிருந்தன:
பார்வோன் மனம் இளகும் இடம்.

சொல்லிக்கொடுத்தேன்.
மோசே கோலை நீட்டுவாரு.
கடல் விலகும், தரை தெரியும்.
நீங்க ஆச்சரியப்படணும்,
அப்புறம் உள்ளே ஓடணும்.
உள்ளே. புரியுதா?

யாரும் தலையாட்டவில்லை.
கலியமூர்த்தி ஒட்டுத்தாடியைச் சொறிந்தபடி
ரோட்டைப் பார்த்தார்.
இடுப்பில் ரப்பர் பொம்மையோடு நின்ற
அஞ்சலாட்சிதான் கேட்டாள்:
"எவ்ளோ நேரம் தொறந்திருக்கும்?"
படத்தில் ஏழு வினாடி என்றேன்.
"அன்னிக்கு மீன் பொறுக்குற அளவுக்கு இருந்துச்சு"
என்றாள்.

எனக்கு உறைக்கவில்லை.
அப்போது நான் நாலாங்கிளாஸ்.
கேமரா ஓடியது. கத்தினேன்:
கடல் உள்வாங்குது!

ஓடினார்கள்
மேற்கே.
கேமராவைத் தாண்டி, ஜெனரேட்டரைத் தாண்டி,
பார்வோனின் சேனை டீ குடித்துக்கொண்டிருந்த
பந்தலைச் சாய்த்துக்கொண்டு
ரோடு வரைக்கும்.
கோலை நீட்டியபடி
மோசே மட்டும் நின்றார்.
துணிக்குப் பின்னால் கடல்
எப்போதும்போல் வந்து வந்து போனது.

பத்து நிமிடத்தில் திரும்பினார்கள்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
நடுவில் யாரோ சிரித்து நிறுத்தினார்கள்.
மூட்டை, கைத்தடி, மண்பானை
எல்லாம் வழியில் சிதறிக் கிடந்தன.
அஞ்சலாட்சி பொம்மையை விடவில்லை.
அதன் கழுத்து ஆடாமல்
உள்ளங்கையால் தாங்கியிருந்தாள்.

அந்த ஷாட்டை இயக்குநர் தூக்கிப்போடவில்லை.
எதிரே ஓடிவரும் நூறு முகம்,
காசு கொடுத்தாலும் வராது என்றார்.
படத்தில் பார்த்தால்
அவர்கள் அக்கரையில் ஏறுகிறார்கள்.

சாயங்காலம் கடிகாரங்களை
ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.
பொருள் கணக்கில் ஒரு பொம்மை குறைந்தது.
ஆடு தின்றது
என்று எழுதினேன்.