வெற்று எடை

கோலக்கெட்டில் ஆலையில்
லோரி எடை போடுவது என் வேலை.
குலையோடு ஒருமுறை, கொட்டியபின் ஒருமுறை.
கழித்தால் வருவதற்குத்தான் காசு.

இடைவேளையில், எடைச்சீட்டின் பின்னால்
டாக்டருக்கான கேள்விகள்:
சுற்றி வளர்ந்த சவ்வையும் எடுப்பீர்களா?
தோல் எவ்வளவு தொங்கும்?
எத்தனை வாரம் மோட்டார் ஓட்டக் கூடாது?
இந்தத் தோள்வலி இதனால்தானா, நிச்சயமா?
எடுத்தபின் யாருக்குச் சொல்ல வேண்டும்?
கடைசியை அடித்துவிட்டேன்.

ஹட்யாயில்
மார்புக்குள் இந்தப் பைகளை வைத்தபோது
ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
வயது இருபத்தொன்பது.
விலை மட்டும் பேசினேன்.

தையல்கடைத் தவமலர்
"பழைய அளவுதானே?" என்கிறாள்.
தீபாவளிக்கு ஏழு வாரம்.
துணியை மட்டும் கொடுத்தேன்.
அளவு அப்புறம்.

பக்கத்துக்கு முந்நூறு கிராம்.
எங்கள் மேடைத்தராசு
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் காட்டாது.