வரைபடத்தில் மணி என்ன

திரையில் அது திருக்கை மீன்.
தரையில், அஜ்மான் மீன் சந்தையின் புதுக் கூரை.
எங்கள் தொழிலில் மீனுக்கு வலை வீசுவதில்லை,
வலையாலேயே மீன் செய்கிறோம்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டுக் கண்ணி,
கண்ணிக்கு ஒரு கண்ணாடி,
ஒவ்வொன்றும் நாற்கோணம், ஒவ்வொன்றும் தட்டை.
வளைவு என்பது
அவை எல்லாம் சேர்ந்து சொல்லும் பொய்.

வளைந்த கண்ணாடிக்கு விலை பதினோரு மடங்கு.
அதனால்தான் எனக்குச் சம்பளம்.
நான்கு முனையும் ஒரே தளத்தில் படுக்கும்வரை
புள்ளிகளை மயிரிழை மயிரிழையாய் நகர்த்த வேண்டும்.
ஒன்றை இழுத்தால் சுற்றி எட்டு முனகும்.
எட்டையும் சமாதானம் செய்ய
ஒரு சமன்பாடு, இரண்டு வருடம், மூன்று கட்டுரை.
நாலாவதைத் திருப்பி அனுப்பியவர் எழுதியிருந்தார்:
நடைமுறையில் சோதிக்கப்படவில்லை.

சோதித்தவர் ராயப்பன்.
ஆகஸ்ட் மாதம், மதிய இடைவேளை,
கன்டெய்னர் நிழலிலிருந்து ஒரு குரல் செய்தி:
"மேடம், ஆயிரத்து நானூத்தி ஆறு உக்கார மாட்டேங்குது.
வால் முனை, சுவர் ஓரம்.
விடியக்காலம் அளந்தப்போ இடம் இருந்துச்சு.
பதினொன்னுக்குத் தூக்கினா ஏழு மில்லி இடிக்குது."

மாடலைத் திறந்தேன். சுழற்றினேன்.
வாலை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தேன்.
பிழையைக் காட்டும் வண்ணப்படம்
தலை முதல் வால்வரை நீலம், நல்ல நீலம்.
பத்து மில்லியில்தான் சிவப்பு தொடங்க வேண்டும் என்று
முடிவு செய்ததும் நான்தான்,
அதை அப்போது நினைக்கவில்லை.
"மாடலில் சரியாக இருக்கிறது" என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது.
"உங்க படத்துல மணி என்ன, மேடம்?"

என் படத்திலும் சூரியன் உண்டு.
ஒரு திசை, ஒரு நிறம், அவ்வளவுதான்.
பளபளப்புக்காக வைத்தது.
இருபது மீட்டர் இரும்பை அது
ஒரு நூல்கூட நீட்டியதில்லை.
நிழலும் விழும், ஒருவரும் ஒதுங்காத நிழல்.
கூரைக்குக் கீழே அளவு தெரிவதற்காக
ஆறு சாம்பல் நிற ஆட்களை நிறுத்தியிருக்கிறேன்,
மூன்று வருடமாய் நிற்கிறார்கள்,
தண்ணீர் கேட்டதில்லை.

ஷார்ஜாவிலிருந்து நாலு மணிக்கு ஸ்கேனரோடு போனேன்.
பழைய கொட்டகையில் ஏலம் ஆரம்பித்திருந்தது,
ஐஸ் தண்ணீர் செருப்புக்குள் ஏறியது.
முக்காலியை ஷஃபிகுல் பிடித்துக்கொண்டார்.
நாலுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று,
பதினொன்றுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று.
ஒவ்வொரு தடவையும் நாலு கோடிப் புள்ளி.
எட்டு மணிக் கூட்டத்தில் ஒரு பூனையும் இருந்தது,
செதில் தின்றுகொண்டு, காதுவரை துல்லியமாக.
இரைச்சல் என்று அழிக்க வேண்டிய புள்ளிகள்.
விட்டுவிட்டேன்.

இரவு நான்கையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி
ஒரு நாளை எட்டு விநாடிக்குச் சுருக்கி ஓடவிட்டேன்.
நகர்வை நூறு மடங்காக்கிப் பார்த்தபோது
முதுகு மெல்ல எழுந்தது, மெல்லத் தாழ்ந்தது.
வால் போய்ச் சுவரைத் தொட்டது, விலகியது.
மூன்று வருடமாய் நான் தட்டையாக்கிக்கொண்டிருந்த அது
மூச்சு விட்டது.

தீர்வு கவிதையாக இல்லை.
சுவரோர வரிசை முழுவதும் ஒன்பது மில்லி வெட்டு,
இடையில் ரப்பர் பட்டை.
வெட்டுக்கூலி யார் கணக்கில் என்று
மூன்று நாள் மின்னஞ்சல் பறந்தது.
சிவப்பை மூன்று மில்லிக்கு இறக்கினேன்,
என் அழகான நீல மீனுக்கு
அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

வியாழன் விடிவதற்கு முன் இன்னொரு குரல் செய்தி.
பேச்சில்லை.
கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டு,
பின்னால் யாரோ மீன் விலை கூவுகிறார்.

வரைபடத்தின் வலது மூலையில்
அளவு, திசை, தேதிக்குப் பக்கத்தில்
சின்னதாய் ஒரு கட்டம் சேர்த்தேன். மணி: 4.40.
இது எதற்கு என்று
அலுவலகம் கேட்டிருக்கிறது.