பாஸ் பாடுகிறவனின் கைக்குட்டை

டிசம்பர் ஒண்ணாம் தேதி
குணசீலி நோட்டின் நடுவே ஒரு கோடு இழுத்தாள்.
கோட்டுக்கு இடப்பக்கம் ரூபாய்.
வலப்பக்கம் என் ரத்தம்.
வெறும் வயிற்றில் நூற்றெண்பத்திரண்டு,
பால் கணக்கு எழுதும் அதே கையெழுத்தில்.
"ரெண்டும் ஏறப்பிடாது" என்றாள்.
அவ்வளவுதான் பிரசங்கம்.

கோயில் கமிட்டியும் அந்த வருஷம் கணக்குப் பார்த்தது.
கேரல் வேனுக்கு ராத்திரிக்கு மூவாயிரம்.
"கால் எதுக்கு இருக்கு" என்றார் கன்வீனர் ஜெபசிங்.
ஸ்கூட்டரைக் கோயில் வளாகத்தில் விட்டுவிட்டு
முருகன்குறிச்சியிலிருந்து நடந்தோம்.
குலவணிகர்புரம் கேட்டில்
ரயிலுக்கு நின்ற நேரத்தில் ஒரு ஒத்திகை.
குடை பிடித்த கையால்
பக்கம் திருப்ப முடியாமல்
மூன்றாம் சரணத்தை எல்லோருமே முனகினோம்.

முதல் ராத்திரி ஒன்பது வீடு.
ஒன்பதிலும் தட்டு.
பிளம் கேக், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு.
ஒரு வீட்டில் முதலூரிலிருந்து அன்றுதான் வந்த
மஸ்கோத்து அல்வா, விரலை விடாமல்.
"எனக்கு சுகர்" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன்.
அந்த வீட்டுக்காரர் தன் சுகரைச் சொன்னார்.
பிறகு மருமகனுடையதை.
எந்த டாக்டர், எத்தனை மில்லி,
பாகற்காயைத் தோலோடு அரைக்கணுமா கூடாதா.
அங்கே பாட்டு இரண்டு நிமிஷம்,
சுகர் அரைமணி நேரம்.

அதற்குப் பிறகுதான் கைக்குட்டை.
எல்லோரும் கண்ணை மூடும் ஜெபத்தில்
தட்டிலிருந்து மடிக்கு,
மடியிலிருந்து கைக்குட்டைக்கு,
ஆமென் வருவதற்குள் சட்டைப்பைக்கு.
ஐம்பத்துநாலு வயசில்
எனக்குக் கொடுத்ததையே நான் திருடினேன்.
ராத்திரி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டினேன்.

நோட்டில் இடப்பக்கம் மெலிந்தது.
ஈஸ்டர் சேலைக்கு ஃபால்ஸ் மட்டும் புதுசு.
போன வருஷத்து ஸ்டாருக்குப் புதுத் தாள் ஒட்டினதில்
ஒரு கால் கோணல்;
காற்றடித்தால் நொண்டிக்கொண்டே சுற்றும்.
வலப்பக்கமும் இறங்கியது:
நூற்றெழுபத்தொன்று, நூற்றைம்பத்தெட்டு,
நூற்றுநாற்பத்தொன்பது.
"நடைதான்" என்றாள், ஜெபசிங் வீட்டம்மாவிடம் போனில்.
நான் அடுத்த அறையில்
மழைக்கோட்டைத் தேடுவதுபோல் நின்றேன்.

மழைக்கோட்டு டிக்கியில் இருந்தது.
இருபத்துநாலாம் தேதி சாயங்காலம்
அவளே போய் எடுத்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
எண்ணினாள்.
தாள் சுற்றியது பத்தொன்பது.
சுற்றாதது பன்னிரண்டு, அதில் நாலு வெறும் தூள்.
நோட்டை எடுத்து இடப்பக்கம் எழுதினாள்:
கேக், முப்பத்தொன்று, வரவு.

தாள் சுற்றியதை மட்டும் பையில் போட்டு
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கு அனுப்பினாள்.
வாட்ச்மேன் சுடலைக்கண்ணு பையைப் பார்த்துவிட்டு
"எனக்கு இருநூத்தம்பது சார்" என்றார்,
சம்பளத்தைச் சொல்வதுபோல்.
நைட் டியூட்டி சிஸ்டர் ஒன்றை எடுத்து,
மோந்து பார்த்து, திரும்ப வைத்தாள்.
பிரசவ வார்டு வாசலில்
மூன்று நாளாக மருமகளுக்குக் காத்திருந்த கூட்டம்
"ஆணா பொண்ணா" என்று என்னையே கேட்டது.
"இன்னிக்கு ஆண்தான்" என்று சொல்லிவிட்டேன்.
பத்து தீர்ந்தது.

மீதியோடு திரும்பினபோது
சுற்றாத பன்னிரண்டும்
முருங்கை மரத்தடியில் கிடந்தன.
மழை விட்டிருந்தது, எறும்பு வரிசை வந்திருந்தது,
அதில் ஒன்றுக்கும் தயக்கமில்லை.
குணசீலி ஒரு துண்டைக் கத்தியால் நாலாக்கி
காலை எனக்கு நீட்டினாள்.
"பிறந்தநாளுல்லா."
வலப்பக்கம் குறித்துக்கொண்டாள்: கால்.

நாலுமணி ஆராதனைக்குப் போகுமுன்
விரலில் குத்திப் பார்த்தாள்.
நூற்றைம்பத்துமூன்று.
"நாலு ஏறியிருக்கு" என்றாள்.
கோயில் மணி அடித்தது.
துவைத்த கைக்குட்டை இன்னும் காயவில்லை.
ஈரத்தோடேயே மடித்து
என் சட்டைப்பையில் வைத்தாள்.