ஆடி மாசத்து கஸ்டமர்

ஆடியில் முகூர்த்தம் இல்லை.
பாக்கி தராத மூன்று வீட்டு ஆல்பங்கள்
கடையில் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்க
நானும் லைட் பிடிக்கிற தேவசகாயமும்
தண்டையார்பேட்டையிலிருந்து ஆம்னியைக் கிளப்பினோம்,
கரி வண்டி பிடிக்க.

பிடிப்பது என்றுதான் சொல்வோம்,
முகத்துவாரத்தில் மடவை பிடிப்பதைப் போல.
வரும் நேரம் யாருக்கும் தெரியாது.
ஒருநாள் மூன்று வரும்.
ஒருநாள் முழுக்க
தண்டவாளத்தில் ஆடு மட்டும் வரும்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
எஞ்சின் அணைத்துத் தூங்கின.
டயர் நிழலில் ஒரு கிளீனர்
தக்காளி அரிந்துகொண்டிருந்தான்.
அத்திப்பட்டு தாண்டியதும்
சாம்பல் குழாய், சீமைக்கருவேலம்,
மழையே இல்லாமல் ஈரமாய் ஒரு மைதானம்,
சாணி மெழுகியதுபோல் சாம்பல்.
அதிலும் மூன்று குச்சி நட்டு
யாரோ அவுட் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கேட்டில் மிதிலேஷ்.
சாசாராம் பக்கமிருந்து வந்து ஆறு மாதம்.
அவனிடம் தமிழ் இரண்டு வாக்கியம் இருந்தது:
வரும் அண்ணா.
வராது அண்ணா.

மூன்றே காலுக்கு முதலாவதைச் சொன்னான்.
கேட் இறங்கியது.
ஒரு பள்ளி வேன், ஐஸ் பெட்டி கட்டிய டிவிஎஸ்,
குனிந்து நுழையப் பார்த்து
இந்தியில் திட்டு வாங்கிய ஒருவர்.

கறுப்பில் ஃபோகஸ் நிற்காது.
பட்டுச் சரிகை லென்ஸைத் தானே கூப்பிடும்;
கரி கூப்பிடாது, விழுங்கும்.
லென்ஸ் முன்னும் பின்னும் தேடி முனகியது.
'சார், கொஞ்சம் சிரிங்க'
என்றான் தேவசகாயம் எஞ்சினைப் பார்த்து.
அது ஹார்ன் அடித்தது.

பெட்டிகளை உரக்க எண்ணினான்.
பதினேழாவதில் கரி மேட்டின் உச்சிக் கட்டி
சிறகு விரித்துப் பறந்தபோதுதான்
காகம் என்று தெரிந்தது.
முப்பத்தொன்றில் தும்மினான்.
அடுத்தது முப்பத்திரண்டா மூன்றா என்ற சண்டையில்
என் பல்லிடுக்கு நெறுநெறுத்தது.

கடைசியில் கார்டு பெட்டி.
கைலி, பனியனோடு கம்பியைப் பிடித்து நின்றவர்
கேமராவைப் பார்த்தார்.
பார்த்ததும் உள்ளே பாய்ந்து
வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து
கையால் தலை வாரி
நிமிர்ந்தார்.
எட்டுப் படம் எடுத்தேன், எட்டிலும் அசையவில்லை.
'தம்பி, அனுப்புங்க!
ஒன்பது நாலு நாலு மூணு...'
மீதி நம்பரைச் சக்கரம் தின்றுவிட்டது.

ராத்திரி கடையில் போட்டுப் பார்த்தோம்.
நானூறு ஃபிரேமில் எஞ்சினுக்கு மூக்கு இல்லை,
பெட்டியெல்லாம் ஒரே இருட்டு.
இவர் மட்டும் துல்லியம்.
இரண்டாம் பட்டன் மூன்றாம் ஓட்டையில்,
இடது காதில் கரி,
பின்னால் தண்ணீர் கேன், சுருட்டிய பச்சைக்கொடி.
இருபது வருஷமாய் மாப்பிள்ளைகளின் தாடையைப் பிடித்துத்
திருப்பிக்கொண்டிருக்கிறேன்.
தோளைத் தளர்த்துங்க, மூச்சை விடுங்க என்று.
இவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறுக்கு எட்டு, மேட் பேப்பர், லேமினேஷன்.
'யார் காசு தருவா?' என்றான் தேவசகாயம்,
சொல்லிக்கொண்டே ஓரத்தை நேராக வெட்டினான்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு.
வண்டி வரும்போதெல்லாம்
படத்தைத் தலைக்கு மேல் தூக்கி நின்றோம்,
சென்ட்ரலில் பெயர் அட்டை பிடிப்பவர்கள் மாதிரி.
ஒரு கார்டு பதிலுக்குக் கும்பிட்டார்.
ஒருவர் எங்களை ஏதோ போராட்டம் என்று நினைத்து
கதவைச் சாத்திக்கொண்டார்.
மூன்றாம் ஞாயிறு ஒரு பெண் கார்டு
வெளியே சாய்ந்து, கண் சுருக்கி, அடையாளம் கண்டு,
வாய்விட்டுச் சிரித்து
என்னவோ கத்தினார்.
மேட்டூர் என்றது என் காதில்.
மாத்தல் என்றது தேவசகாயத்தின் காதில்.

வியாழக்கிழமை ஆவணி முதல் முகூர்த்தம்,
திருவொற்றியூரில், காலை நாலரைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.
படம் டேஷ்போர்டில் இருக்கிறது.
சட்டை முனையால் துடைக்கத் துடைக்கத் தூசி.
இந்த ஆள் இனி இந்தப் பக்கம் வருவாரா என்று
மிதிலேஷைக் கையால் கேட்டோம்.
அவன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.
தண்டவாளத்தைப் பார்த்தான்.
பிறகு
தன்னிடமிருந்த இரண்டில் ஒன்றைச் சொன்னான்.